இரண்டோடு நிற்கத் தெரியாதவன்

யாழ்ப்பாணத்தில் ஒருவன் குடியை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டால் சனம் இரண்டில் ஒரு காரணத்தைத்தான் தேடும். சபைக்குப் போகத் தொடங்கிவிட்டான், இல்லையென்றால் ஈரல் பழுதாகிவிட்டது. நான் எந்தச் சபையிலும் சேரவில்லை. ஸ்கானில் ஈரலும் மரியாதையாகத்தான் இருந்தது. ஆகவே என்னை எந்தக் கணக்கில் எழுதுவதென்று தெரியாமல் உறவுக்காரர் கொஞ்சக் காலம் குழம்பித் திரிந்தார்கள். பிறகு அக்கா வழியாக விசயம் கசிந்தது. தம்பிக்கு ஏடிஎச்டி என்று ஒன்று இருக்கிறதாம், கவனத்தை ஓரிடத்தில் நிற்கவிடாத மூளைக் கோளாறாம், குடிக்கும் அதற்கும் தொடர்பாம், டொக்டரே சொன்னாராம். அடுத்து வந்த ஒரு கலியாண வீட்டில் பெரியம்மா பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்திருந்தார். வாழையிலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்தபடியே கேட்டார்: "குடியை விட்டது நல்ல விசயம் மோனை. ஆனா குடிச்சதுக்கு இப்ப ஒரு இங்கிலீசுச் சாட்டும் வேணுமோ?"

எனக்குக் கோபம் வரவில்லை. பெரியம்மா பெரியப்பாவின் குடியோடு முப்பது வருடத்துக்கு மேல் காலம் தள்ளியவர். காரணம் சொல்லாத குடிகாரனை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. மழை பெய்ததால் ஒருநாள், வெயில் எறித்ததால் ஒருநாள், சம்பளம் வந்ததால் ஒருநாள், வராததால் இன்னொருநாள். அந்த வரிசையின் கடைசியில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு நானும் வந்து நிற்பதாகத்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்றுவரை என்னைக் குடைந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் பாதியை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்பதுதான் வில்லங்கம்.

பெடல் சுற்றினால் பாடும் ரேடியோ

1990இல் மின்சாரம் நின்ற பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். சுற்றுகிறவரைக்கும் பாட்டு, கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். என் கவனமும் அந்த ரேடியோதான். ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புதினமாக ஒன்று, அவசரமாக ஒன்று, ஒரு பயம், ஒரு சண்டை. அப்படி ஒன்றும் இல்லாவிட்டால் நான் கதிரையில் இருப்பேன், ஆனால் அங்கே இருக்கமாட்டேன்.

கலியாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுத்து அல்பம் செய்து கொடுப்பது என் தொழில். படம் எடுக்கும் நாளில் என்னைப்போல் ஒருவன் கிடையாது. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், அந்த ஓட்டத்தில் நான் தெளிவாகிவிடுவேன். பிறகு ஆயிரக்கணக்கான படங்களைத் தெரிந்தெடுத்து, நிறம் சரிசெய்து, பக்கம் அமைக்கும் வேலை இருக்கிறதே, அதை வெளிநாட்டுக்குத் திரும்பும் வீட்டுக்காரரின் விமானத்துக்கு முதல்நாள் இரவுதான் தொடுவேன். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். "நல்ல மூளை, கவனம் போதாது" என்று ஒவ்வொரு தேர்ச்சி அறிக்கையிலும் ஒரு ஆசிரியர் எழுதியிருப்பார். வீட்டில் சொன்னது இன்னும் சுருக்கம்: பறதிக்காரன்.

இப்படிப்பட்ட ஒருவனுக்குக் குடி என்ன செய்யும் என்று குடிக்காதவர்களுக்கும், அளவாகக் குடிப்பவர்களுக்கும் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வெறிக்காகக் குடிப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு நடந்தது வேறு. பின்னேரம் கூட்டாளிகளோடு இருக்கிறேன். கால் ஆடிக்கொண்டிருக்கும். ஒருவன் கதை தொடங்கினால் நடுவில் வெட்டி என் கதையைச் சொல்லுவேன், அதையும் முடிக்காமல் போனை எடுப்பேன். முதலாவது கிளாஸ் பாதி இறங்கும்போது கால் தானாக நிற்கும். முதுகு கதிரையில் சாயும். எதிரில் இருப்பவன் தன் மாமனாரின் காணி வழக்கைப் பற்றிச் சொல்கிறான், நான் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்கிறேன்! எதிராளி யார், எந்த எல்லை, எந்தப் பனைமரம் என்று எல்லாம் மனதில் நிற்கிறது. மற்றவர்களெல்லாம் சும்மா இருக்கும்போதே இப்படித்தான் இருப்பார்களோ என்று அப்போது நினைத்திருக்கிறேன். அந்த அரைக் கிளாஸ் அமைதிக்காகத்தான் குடித்தேன்.

ஆனால் அது அரைக் கிளாசோடு நிற்காது. மற்றவர்களுக்கு எங்கோ ஒரு இடத்தில் "காணும்" என்று உள்ளே ஒரு குரல் வருகிறதாம். எனக்கு அது வந்ததே இல்லை. கச்சான் தட்டு முடிவதும் போத்தல் முடிவதும்தான் எனக்குத் தெரிந்த எல்லைகள். பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்தையும் லீசிங் கட்டும் திகதியையும் மறக்கிற நான், சாராயக்கடை பூட்டுகிற போயாவுக்கு முதல்நாள் வாங்கி வைக்க மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை. "அது மட்டும் எப்படி ஞாபகம் வருது?" என்று மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி. இப்போது அதற்குப் பதில் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அதனால் ஒரு சதத்துக்கும் பிரயோசனமில்லை.

அக்காவின் மகனும் என் தேர்ச்சி அறிக்கையும்

இந்த நோயைத் தேடிப்போய் நான் கண்டுபிடிக்கவில்லை. அக்காவின் மகனை வகுப்பாசிரியை சொல்லி கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டொக்டர் கேட்டிருக்கிறார். அக்கா யோசிக்கவே இல்லையாம். "என்ரை தம்பி" என்றாளாம். ஏடிஎச்டி பெரும்பாலும் பரம்பரையாக வருவது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் அதன் பரம்பரைத்தன்மையை 70 முதல் 80 சதவீதம் வரை சொல்கின்றன. அக்கா அதைப் படித்ததில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு ஆய்வு தேவைப்படவில்லை.

பெரியவர்களுக்கு இதை உறுதிப்படுத்துவதில் ஒரு விதி இருக்கிறது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கைநூலின்படி அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். லண்டனிலோ கொழும்பிலோ இருக்கும் ஒருவருக்கு இது சாதாரணக் கேள்வி. யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் ஒருவரிடம் "பன்னிரண்டு வயதுக்கு முன் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? பங்கருக்குள் இருந்தோம். 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வலிகாமம் முழுக்கச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தோம். அந்தக் காலத்தில் ஓரிடத்தில் அமைதியாக இருந்த பிள்ளையைத்தான் சோதிக்க வேண்டும். நித்திரை வராதது, திடுக்கிடுவது, ஒன்றிலும் மனம் நிற்காதது, எரிச்சல் எல்லாம் போர் தந்த மனவடுவிலும் வரும், ஏடிஎச்டியிலும் வரும். இரண்டும் ஒருவரிடமே இருக்கவும் கூடும். அதனால் டொக்டர் அவசரப்படவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு நீண்ட நேரம் கதைத்தார். இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் எங்கள் தேர்ச்சி அறிக்கைகளையும் ஒரே பையில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் அம்மா. இரண்டாம் வகுப்பு அறிக்கையின் ஓரம் கரையான் தின்றிருந்தது. "கவனம் போதாது" மட்டும் தப்பியிருந்தது.

நல்லூர்க் கொடி

நான் கிளினிக்குக்குப் போனபோது குடியை விடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அளவாகக் குடிக்கப் பழக வேண்டும் என்பதே திட்டம். அதற்காக விதிகள் வைத்திருந்தேன். சனிக்கிழமை மட்டும். பியர் மட்டும். வீட்டில் இல்லை. வீட்டில் மட்டும். இரண்டோடு நிறுத்துவது. ஏடிஎச்டிக்கான மருந்தை எடுத்தால் இரண்டோடு நிற்க முடியுமா என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. அம்மா வயதிருக்கும் அவருக்கு. பேனையை மூடி வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

"நல்லூர்க் கொடி ஏறினா என்ன செய்வீங்கள்?"

"தொடமாட்டன்."

"இருபத்தைஞ்சு நாளுமோ?"

"ஓம். மச்சமும் இல்லை, குடியும் இல்லை. சின்ன வயசிலேருந்து வீட்டுப் பழக்கம்."

"கஷ்டமாயிருக்குமோ?"

யோசித்துப் பார்த்தேன். முதல் இரண்டு மூன்று பின்னேரம் ஒரு மாதிரி இருக்கும். பிறகு அந்த நினைப்பே இல்லை. "பெரிசா இல்லை" என்றேன்.

"திருவிழா முடிய?"

"அண்டைக்கே."

"அப்ப ஒண்டும் குடிக்காம இருபத்தைஞ்சு நாள் இருக்க உங்களாலை ஏலும். ரெண்டோடை ஒரு பின்னேரம் நிக்க ஏலாது. எது உங்களுக்கு லேசு எண்டு நீங்களே சொல்லிப்போட்டீங்கள்."

எத்தனை திருவிழாக்கள் அப்படிக் கடந்திருக்கின்றன! அதை நான் முருகன் கணக்கில் எழுதியிருந்தேனே தவிர, என்னைப் பற்றிய தகவலாக ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பிரட்டிப் பிரட்டி யோசித்தேன். இரண்டோடு நிறுத்துவதென்றால் ஒவ்வொரு கிளாசிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும் யாரோ உள்ளே இருந்து தடுக்க வேண்டும். ஏடிஎச்டியில் பலவீனமாக இருப்பதே அந்தத் தடுக்கிற வேலைதான். போதாததற்கு, மதுசாரம் மூளையின் முன்பகுதியில் முதலில் தளர்த்துவதும் அதையேதான். முதல் கிளாசை எடுக்கும் நான் ஓரளவு நிதானமுள்ள ஆள். மூன்றாவதை வேண்டாமென்று சொல்ல வேண்டியவன், இரண்டைக் குடித்துவிட்டு இருக்கும் வேறொருவன். கொடி ஏறிய காலத்தில் அந்த இரண்டாவது ஆளுக்கு வேலையே இல்லை. முடிவு ஏற்கெனவே, தெளிவான தலையோடு, ஒரே தடவையில் எடுத்தாயிற்று. சுற்றியுள்ள ஊரும் அதே முடிவில் இருக்கும். யாரும் ஊற்றிக் கொடுக்க மாட்டார்கள்.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது லேசான வழியை. மனவுறுதி என்று யாராவது பாராட்டினால் கூச்சமாக இருக்கிறது. இரண்டோடு எழும்பிப் போகிற என் மச்சானுக்குத்தான் மனவுறுதி இருக்கிறது. அவன் ஒவ்வொரு முறையும் செய்கிற அந்த வேலையை என்னால் செய்ய முடியாது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. நான் சில நாள் இடைவெளி விட்டுக் குடித்தவன். விடியவே தொடங்கி நாள் முழுக்கக் குடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடியேற்றத்தன்று பட்டென்று நிறுத்தக் கூடாது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் நேர்த்தி வைத்து அப்படி நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் புத்தி பேதலித்து, இல்லாத பூச்சிகளை உடம்பிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். முருகனுக்குக் குறை வைத்ததால் வந்தது என்று சனம் கதைத்தது. நாளாந்தம் அதிகம் குடித்த மூளை திடீரென மதுசாரம் இல்லாமல் போகும்போது இப்படித்தான் கொந்தளிக்கும், உயிரும் போகலாம். அவரை ஆஸ்பத்திரியில் வைத்து, மருந்தும் விற்றமின் பி1உம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். அப்படிப்பட்டவர்கள் டொக்டரின் கையில்தான் நிறுத்த வேண்டும்.

மருந்தா, சாட்டா

இனிப் பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். தொடர்பு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுபவர்களை வைத்து நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2012இல் கணக்குப் பார்த்தபோது 23 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, ஏடிஎச்டி இருந்தது. பொதுவாகப் பெரியவர்களில் அது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான். ஏன் என்பதற்கு எட்வர்ட் கான்ட்சியன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1985இல் எழுதிய விளக்கம் மிகப் பிரபலம்: மனிதர்கள் தங்கள் உள்வேதனைக்குத் தாங்களே மருந்து தேடிக்கொள்கிறார்கள், அதற்கேற்ற போதையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது. முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அந்த அரைக் கிளாஸ் அமைதியை யாரோ நேரில் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. இப்போது அந்த விளக்கத்தில் கொஞ்சம் சந்தேகம். அது எங்களைக் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்களாக்குகிறது. முதல் அரைக் கிளாசுக்கு அது பொருந்தும். ஆறாவதுக்குப் பொருந்தாது. ஆறாவதை நான் மருந்தென்று குடிக்கவில்லை; போத்தல் முன்னால் இருந்தது, கை நீண்டது. அவ்வளவுதான். யோசிக்காமல் கை நீட்டுவதும் ஏடிஎச்டிதான், ஆனால் அதில் உருக்கமாக ஒன்றும் இல்லை.

அது மருந்தாக வேலை செய்ததா என்று பார்த்தாலும் கணக்கு பிழைக்கிறது. இரவு மூளையை அமர்த்திய மதுசாரம் விடியப்புறம் இறங்கும்போது இருமடங்காக உதறுகிறது. நித்திரை துண்டு துண்டாகிறது. நித்திரை கெட்ட மறுநாள் ஏடிஎச்டி இன்னும் மோசம்; அந்தரம் கூடும்; பின்னேரம் ஆறு மணிக்குத் தேவையும் கூடும். நேற்றுக் குடித்ததால் வந்த அந்தரத்தை இன்று குடித்து ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாத்திரை பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள், அக்காவும் பயந்தாள். ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதா என்று. சுவீடனின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2014இல் வெளியான ஆய்வில் ஏடிஎச்டி மருந்து எடுத்தவர்களிடையே போதைப் பழக்கச் சிக்கல்கள் 31 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. மருந்துதான் முழுக் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பயந்ததற்கு நேர்மாறான பக்கத்தையே அது காட்டுகிறது. ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தை எடுப்பவர்கள் குடிக்கவே கூடாது. மதுசாரம் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். நான் எடுப்பது எது, எவ்வளவு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் மறுநாளே யாராவது பாமசி வாசலில் நின்று அதே பெயரைச் சொல்லிக் கேட்பார்கள், எங்கள் ஊரை எனக்குத் தெரியும். ஆனால் அது தந்த ஒரு பலனைச் சொல்லலாம். காணி வழக்குக் கதையை இப்போது பிளேன்ரீயோடும் முடிவுவரை கேட்க முடிகிறது. கதை அவ்வளவு சுவாரசியமில்லை என்பதும் தெரிகிறது.

சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. குடியை விட்டவர்கள் ஆசையைப் பற்றி எழுதுகிறார்கள், எனக்கு ஆசையைவிடச் சலிப்புத்தான் எதிரி. ஆறு மணியிலிருந்து ஒன்பதுவரை இவ்வளவு நேரம் இருக்கிறதென்று யாரும் சொல்லித் தரவில்லை. கொஞ்சக் காலம் சைக்கிளில் காரைநகர்ப் பக்கம் போய்வந்தேன், அதுவும் சலித்தது. பிறகு மீன் வளர்த்தேன். இப்போது பழைய கமராக்களைப் பிரித்துப் பூட்டுகிறேன்; பூட்டியதைவிடப் பிரித்ததுதான் அதிகம். ஆவணி பிறந்தால் கனடா மச்சான் டியூட்டி ஃப்ரீ போத்தலோடு வந்து இறங்குவான். வேண்டாமென்றால் விடமாட்டான், உறவையே மறுத்ததுபோல் முகம் வாடும். அதற்கு யாழ்ப்பாணத்தில் செல்லுபடியாகும் ஒரேயொரு பதில் உண்டு: "மருந்து எடுக்கிறன் மச்சான்." எல்லோரும் உடனே மரியாதையாகக் கிளாசை நகர்த்திவிடுவார்கள். என் விசயத்தில் அது உண்மையாகவும் இருப்பது ஒரு வசதி.

சாட்டு என்று பெரியம்மா சொன்னதற்கு நான் இப்போது சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மனைவி தனியாகப் போய் இருந்த பள்ளிக்கூடக் கூட்டங்களை ஏடிஎச்டி வந்து ஈடுசெய்யாது. அந்தக் கடன் என் பெயரில்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். நோயின் பெயர் தெரிந்ததால் கிடைத்தது மன்னிப்பு இல்லை. எங்கே எனக்குப் பிரேக் இல்லையோ அங்கே போகாமல் இருக்கலாம் என்ற தகவல். பெரியப்பாவுக்கு அந்தத் தகவலை யாரும் கொடுக்கவில்லை. அவரும் ஓரிடத்தில் இருக்கமாட்டாராம், ஒரு வருடத்துக்கு ஒரு வேலையாம், சந்தைக்குப் போனால் வாங்கப்போனதைத் தவிர எல்லாம் வாங்கி வருவாராம். செத்தவர்களுக்கு நோய் கண்டுபிடிப்பது மிகவும் சுகமான வேலை, மறுத்துப் பேச அவர்கள் வரமாட்டார்கள். அதனால் பெரியம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. போன மாதம் அவராகவே கேட்டார். "உந்த டொக்டர், ஆக்கள் சின்னனிலை எப்பிடி இருந்தவை எண்டெல்லாம் கேப்பாவோ?" ஓம் என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் என் கூட்டாளி ஒருவன், காணி வழக்குக்காரன்தான், இரகசியமாக வந்து தானும் ஒருக்கால் காட்டினால் என்ன என்று கேட்டான். பழைய தேர்ச்சி அறிக்கை இருந்தால் கொண்டு போ, அம்மாவையும் கூட்டிப்போ, எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லாதே என்றேன். கிளினிக்குக்கு வரக் கூச்சமென்றால் 1926க்கு அழைத்து முதலில் கதை, அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் என்றும் சொன்னேன். துணிந்து திகதி எடுத்தான். எடுத்த திகதியை மறந்துவிட்டான். அடுத்த திகதிக்கு நானே ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். என்னை நம்பி இருக்க முடியாது என்பதால் அக்காவின் போனிலும் அலாரம் வைத்திருக்கிறோம்.